வேப்பமரத்துக்கு வலது பக்கம் மூன்றாவது

ஆர் வரவேண்டிய இடத்தில் டபிள்யூ வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் என்ன செய்ய. தகட்டை இன்னொரு தடவை வைத்து இழுத்தேன். அப்பளம் மாதிரி ஒரு சில்லு சுண்ணாம்பு பெயர்ந்து முழங்காலில் விழுந்தது. அடியில் கறுப்புக் கல், கல்லில் வெட்டின எழுத்து, டபிள்யூதான், கண்ணை மூடித் திறந்தாலும் டபிள்யூதான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு எது வராமல் போயிருந்தாலும் இருபத்தாறு எழுத்தும் வரும், ரெட்மண்ட் என்ற எங்கள் குடும்பப் பேரில் அது கிடையாது. தாமஸ் ரெட்மண்ட். என் எள்ளுத்தாத்தா. அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, போத்தனூரில் ரயில் இன்ஜின் ஓட்டி, காலராவில் போய், இந்தக் கல்லுக்கு அடியில் படுத்திருப்பவர். படுத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர். டாடி இந்நேரம் கோயம்புத்தூர் ஏர்போர்ட் வாசலில் நோரா என்று எழுதின அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார், இரண்டு வருடமாக வாரா வாரம் வீடியோவில் பார்க்கிற முகத்துக்கு எதற்கு அட்டை என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே மேன் நிக்கறாங்க" என்பார். நோரா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அந்த அம்மா அயர்லாந்திலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டார், முதலில் கல்லறை, அப்புறம்தான் வீடு, சாப்பாடு எல்லாம். டாக்ஸி நேராக இங்கேதான் வரும். அதற்குள் பேர் பளிச்சென்று தெரிய வேண்டும். "ஆசிட் ஊத்தாதே, கல் வெந்துடும். பொறுமையா சுரண்டு. உன்கிட்ட பொறுமை கிடையாது, தெரியும், இன்னிக்கு ஒரு நாள் யார்கிட்டயாவது கடன் வாங்கிக்கோ." காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்று அப்படிச் சொல்லிவிட்டு, போகும்போது என் தலையில் தட்டினார். தட்டினால் அவருக்குச் சந்தோஷம் என்று அர்த்தம். சந்தோஷமாகப் போன மனுஷன். டபிள்யூவுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் வருகிறது, பிறகு ஈ, இன்னொரு ஈ. ஒருவேளை தாமஸின் பெண்டாட்டியோ, அவர்கள் வீட்டுப் பேரைப் போட்டிருப்பார்களோ, கீழே எங்கேயாவது தாமஸ் வருவாரோ என்று மேலே கீழே எல்லாப் பக்கமும் நாய் மாதிரி சுரண்டினேன். வந்தது. மிஸ் ஆக்னஸ் வீலர். ரயில்வே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு டீச்சர். அவருடைய மாணவர்கள் அன்புடன் எழுப்பியது. அவ்வளவுதான். தாமஸ் இல்லை, இன்ஜின் இல்லை, அயர்லாந்து இல்லை. டீச்சர்.

சிரிப்பு வந்துவிட்டது, கல்லறைத் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தால் பைத்தியம் என்பார்கள், ஆனாலும் வந்தது. பதினொன்றாம் வகுப்போடு போதும் சாமி என்று பையைத் தூக்கிப் போட்டுவிட்டு பஞ்சர் கடைக்குப் போனவன் நான், என்னை இந்தக் கல்லுக்கு முன்னால்தான் டாடி முட்டி போட வைத்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொல்லி இங்கே கூட்டி வந்து, "உன் எள்ளுத்தாத்தா தாமஸ்கிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றார். நானும் சொன்னேன். தாத்தா, எனக்குப் படிப்பு ஏறலை, கோவிச்சுக்காதீங்க. கேட்டுக்கொண்டு கீழே படுத்திருந்தது ஒரு டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுத்த டீச்சர். கோபித்துக்கொண்டிருப்பாளா, இல்லை பழக்கம்தானே என்று விட்டிருப்பாளா. அது போகட்டும், ரம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாள் அன்று டாடி ஒரு மூடி ரம் எடுத்து கல்லின் தலைமாட்டில் ஊற்றுவார், "தாமஸ் மேன், சியர்ஸ், ஒரு வருஷம் ஓடிப்போச்சு" என்பார், பிறகு உட்கார்ந்து ரயில்வே ஆபீசில் யார் யார் என்ன அயோக்கியத்தனம் பண்ணினார்கள் என்று கெட்ட வார்த்தையோடு சொல்லுவார். ஆம்பளைக்கு ஆம்பளை பேசுகிற மாதிரி. ரிட்டையர் ஆன பிறகும் சொன்னார். கல்யாணம் ஆகாத டீச்சரின் தலையில் அறுபது வருடமாக எங்கள் வீட்டு ஆம்பளைகள் ரம் ஊற்றியிருக்கிறோம். டாடிக்கு முன்னால் சிரில் தாத்தா ஊற்றினார், அவர் ஊற்றினது சாராயம் என்று மம்மி சொல்லுவாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒரு வருஷம், எழுத்தைப் படித்திருக்கலாம். படிக்க முடியாது, அதுதான் விஷயம். இங்கே கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள், ஆள் இல்லாத கல்லுக்குச் சர்ச்சுப் பங்குக்காரர்கள், ஆள் இருக்கிற கல்லுக்கு வீட்டு ஆட்கள். பழசைச் சுரண்டுகிற வழக்கம் கிடையாது. பழசுக்கு மேல் புதுசு, அதற்கு மேல் புதுசு. எழுத்து நிரம்பி, மேடாகி, கல்லே இட்லி மாதிரி உப்பிவிட்டது. நான் சின்ன வயதில் ஒரு தடவை நகத்தால் பெயர்த்தேன், டாடி கையைப் பிடித்துக்கொண்டார். "பிரெண்டன், அதைத் தொடாதே. ஒவ்வொரு தோலும் ஒரு வருஷம் மேன். நாம வந்தோம்கறதுக்கு அதான் சாட்சி." இன்று அதே டாடிதான் சுரண்டச் சொன்னார், அந்த அம்மாவுக்காக. காலையிலிருந்து நான் வருஷம் வருஷமாகப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். தொண்டையெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அடித்த தோல் எது, டாடியின் தம்பி மெல்வின் அங்கிள் கடைசியாக அடித்தது எது, எல்லாம் முழங்காலுக்குக் கீழே தூளாகக் கிடக்கிறது.

நோராவுக்கு எழுபத்தாறு வயது. அவருடைய தாத்தாவும் தாமஸும் அண்ணன் தம்பி. தாமஸ் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார், தம்பி ஆட்டையும் உருளைக்கிழங்கையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார், ஒருத்தரை ஒருத்தர் மறுபடி பார்க்கவில்லை. கப்பலேறிப் போன சொந்தக்காரர்களைத் தேடுகிற கூட்டம் ஒன்று அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறதாம், இந்தம்மா அமெரிக்காவில் ஏழு பேரைப் பிடித்துவிட்டு எட்டாவதாக டாடியைப் பிடித்தார். முதல் நாள் வீடியோவில் இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவர் ரோஜா நிறம், டாடி என்னைவிடக் கறுப்பு. அப்புறம் அந்தம்மா சொன்னார், உன் காது எங்கள் வீட்டுக் காது. டாடி அன்று முழுக்கக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மம்மிக்கு இங்கிலீஷ் ஓட்டை, ஆனால் முறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி, விரலை மடக்கி மடக்கி, "உங்க அப்பாவுக்குத் தங்கச்சி முறை. அப்படின்னா உங்களுக்கு அத்தை. நாத்தனார் இல்லாத குறைக்கு எனக்கு ஒரு பெரிய அத்தை வந்துட்டாங்க" என்று சொல்லி அடுத்த நாளே சேலை எடுத்து வைத்தாள். பச்சை சேலை. அயர்லாந்துக்காரர்களுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்து, நான்தான் சொன்னேன். வாரா வாரம் பேச்சு, அங்கே மழை, இங்கே வெயில், அவருக்கு வலது முட்டி, டாடிக்கு இடது முட்டி, அவருடைய நாய் செத்தது, அன்று டாடி அழுதார், பார்க்காத நாய்க்கு. நான் காலேஜில் மெக்கானிக்கல் படிப்பதாகவும் ஒரு நாள் சொல்லிவிட்டார். எனக்கு எரிந்தது. "டயர் கழட்டறதும் மெக்கானிக்கல்தான் மேன்" என்றார். ஆனால் ஒவ்வொரு தடவையும் நோரா கேட்பது ஒன்றுதான், டெரன்ஸ், கல்லில் இருக்கிற பேரைக் காட்டு. டாடி போனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து வெள்ளை வெளேர் என்று இருக்கிற கல்லைக் காட்டுவார், இதோ தாமஸ். அந்தம்மா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். இப்போது ஒரு துணிப்பையில் மண் எடுத்து வருகிறார். அவர்கள் வயல் மண், தாமஸ் பிறந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயல். அந்த வயலைப் போன வருடம் விற்றாயிற்று, விற்பதற்கு முந்தின நாள் எடுத்த மண். "கஸ்டம்ஸ்ல கேட்டா டீத்தூள்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்று டாடி சொல்ல, அவ்வளவு பெரிய மனுஷி குழந்தை மாதிரி சிரித்தார். ஒரு பிடி மண். ஒரு தடவை போட்டால் போட்டதுதான், எடுத்து மறுபடி போட முடியாது, இன்னொரு பிடிக்கு அந்த வயலும் இல்லை. அது ஆக்னஸ் டீச்சர் மேல் விழப்போகிறது. தாமஸ் இங்கேயே பக்கத்தில் எங்கேயாவது, யாராவது கால் வைத்துத் தாண்டிப் போகிற இடத்தில், அந்த மண் வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு கிடப்பார்.

"என்ன தம்பி, கல்லை வெளக்கச் சொன்னா தோலையே உரிச்சுப்போட்ட" என்று சூசையண்ணன் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். இங்கே குழி வெட்டுகிறவர், திருநாள் வந்தால் வெள்ளையடிக்கிறவரும் அவர்தான். எழுத்தைப் பார்த்தார், படிக்கத் தெரியாது, "நல்லாத்தான் வெட்டியிருக்கறானுங்க" என்றார். நான் கேட்டேன், அண்ணா, இந்த வேப்பமரத்துக்கு என்ன வயசு. ஏனென்றால் எங்களிடம் இருந்த அடையாளம் அது ஒன்றுதான். தாமஸுடைய மகன் வேலை மாற்றலாகி அரக்கோணம் போய்விட்டார், சிரில் தாத்தா பிறந்ததே அங்கேதான், பெரியவனாகி மாற்றல் வாங்கிக்கொண்டு போத்தனூருக்குத் திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது அவருடைய அப்பா சாகும்போது சொன்ன ஒரு வரி. வேப்பமரத்துக்கு வலது பக்கம் மூன்றாவது. வந்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், வலது பக்கம் எண்ணினார், மண்டியிட்டு அழுதார். "இதா? இது எங்கப்பன் வெச்ச மரம். எனக்கு எழுபது ஆச்சு, நான் பொறந்ததுக்கு முந்துன வருஷம்னு சொல்லுவான். எனக்கு நெழல் வேணும்னு வெச்சானாம், பாரு, எத்தனை பாசம்" என்றார் சூசையண்ணன், சிரித்தார், "ஏன் கண்ணு, வெட்டப் போறியா?" அதற்கு முன்னால் மரம் இருந்ததா என்றேன். "இருந்திருக்கும். கல்லறைன்னா நாலு வேம்பு இருக்கத்தான் இருக்கும். எது எங்கன்னு ஆரு கண்டா." அவர் போய்விட்டார், வாளியும் பிரஷ்ஷும் இங்கேயே இருக்கட்டும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று. நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் மேல் கோபம்கூட வரவில்லை, நிழலுக்கு வைத்த மரம், அது நிழல் கொடுக்கிறது. சிரில் தாத்தா மேலும் கோபம் வரவில்லை, ஊருக்குப் புதுசாக வந்தவர், மரம் என்றால் மரம். யார் மேலும் வரவில்லை என்றால் பிறகு ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். மெல்வின் அங்கிள் நினைப்பு வந்தது, அதுதான். பெர்த்துக்குக் கிளம்பினபோது எனக்கு ஏழு வயது, எங்களுக்கும் பேப்பர் எல்லாம் போட்டு வைத்திருந்தார், ஆஸ்திரேலியா, அங்கே போத்தனூர்க்காரர்கள் ஒரு தெரு முழுக்க இருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் சண்டை. "என்ன இருக்கு மேன் இங்க? டான்ஸ் இல்ல, ஆள் இல்ல, பாதி காலனி காலி" என்று அங்கிள் கத்தினார். டாடி கத்தவில்லை. "எல்லாரும் போய்ட்டா தாமஸுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பாங்க?" என்றார். அங்கிள் சிரித்தார், மம்மி சிரிக்கவில்லை, நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். போகவில்லை. அவ்வளவுதான் காரணம். பெர்த்தில் நான் யாராக இருந்திருப்பேன், டயர் கழற்றிக்கொண்டுதான் இருந்திருப்பேன், ஆனால் காரில் போய்க் கழற்றியிருப்பேன். ஆக்னஸ் டீச்சருக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்பதற்காக நாங்கள் போகவில்லை. இதை எப்படி ஒரு மனுஷனிடம் சொல்வது. டாடி, நீங்கள் இருந்துவிட்ட காரணம் வேறு ஒருத்தி. ஏர்போர்ட்டில் அங்கிளை அனுப்பிவிட்டு வந்த அன்று டாடி வீட்டுக்கு வரவில்லை, இங்கே வந்து உட்கார்ந்திருந்தார், நானும் மம்மியும் தேடி வந்து பார்த்தோம், கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அந்தக் கையை நினைத்தால்தான் பயம்.

போன் அடித்தது. மம்மி. பின்னால் குக்கர் சத்தம். "என்றா, முடிஞ்சுதா? பிளைட்டு எறங்கிருச்சாம். அத்தை நல்லா நடக்கறாங்களாம். உங்க டாடி போன்லயே அழுதுட்டே பேசறாரு. பேர் நல்லாத் தெரியுதா?" தெரியுது மம்மி, என்றேன். ஆனா அது நம்ம பேர் இல்லை. முழுக்கச் சொன்னேன், டீச்சர், மரம், சூசையண்ணனின் அப்பா, எல்லாம். குக்கர் மூன்று தடவை கத்தியது, மம்மி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலை இறக்கினாள், சமையலறையில் அவளைத் தவிர யாரும் இல்லை, இருந்தாலும். "சூசையண்ணன்கிட்ட சுண்ணாம்பு இருக்குமல்ல?" இருக்கு, இங்கேயே இருக்கு. "அப்போ எடுத்து அடி. ஒரு கை அடிச்சாப் போதும், ஈரத்துல ஒரு எழுத்தும் தெரியாது. கல்லு தேஞ்சு போச்சு, ஒண்ணும் படிக்க முடியலைன்னு சொல்லு." மம்மி, அது பொய். "பொய்தான். நான் என்ன இல்லைங்கறேனா? அந்த மனுசனுக்கு என்றா இருக்குது? தம்பி போயாச்சு, வேலை போயாச்சு. இந்தக் கல்லு ஒண்ணு, அந்த அத்தை ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல புடுங்கப் போறியா நீயி?" அந்த மண்ணு என்றேன். "மண்ணு மண்ணுக்குத்தான் போகுது. யாரு மேல போட்டா என்ன, பாவம், அந்த டீச்சருக்கும் ஆள் இல்லைதானே." அவள் அழுவது தெரிந்தது, வெங்காயம் என்பாள். "தங்கம், இன்னிக்கு ஒரு நாளைக்கு அம்மா சொல்றதைக் கேளுடா. உன் வாயிருக்கே, அதை மூடு, கல்லையும் மூடு." வைத்துவிட்டாள்.

வாளியில் சுண்ணாம்பு தயிர் மாதிரி இருந்தது. பிரஷ்ஷை முக்கினேன். முக்கினதும் கல்லின் முன்னால் வந்து நின்றேன், மம்மி சொன்னது ஒன்றும் தப்பில்லை, மம்மி சொல்லுவது பெரும்பாலும் தப்பாக இருக்காது. டீச்சருக்கும் ஆள் இல்லை. எங்கள் வீடுதான் ஆள். ரம் வாடை பழகியிருக்கும். ஒரு கை. மேலிருந்து கீழே ஒரு இழு. டாடி வருவார், கல்லைப் பார்ப்பார், கொஞ்சம் வருத்தப்படுவார், உனக்குப் பொறுமை இல்லை என்று எனக்கு இரண்டு திட்டு விழும், அந்தத் திட்டை நான் வாங்கிக்கொள்வேன், அது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்தம்மா துணிப்பையை அவிழ்ப்பார். அந்த இடத்தில்தான் வந்து வந்து நிற்கிறது. பையை அவிழ்ப்பார், குனிவார், அந்த முட்டியோடு குனிவது அவருக்குக் கஷ்டம், டாடி பிடித்துக்கொள்வார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருப்பேன், நாளைக்கும், அடுத்த கல்லறைத் திருநாளுக்கும், டாடி மூடியில் ரம் ஊற்றி "தாமஸ் மேன்" என்று ஆரம்பிக்கிற ஒவ்வொரு தடவையும். ஒரு கட்டத்தில் டாடி போய்விடுவார். அவரை இதற்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார், இடமும் காட்டியிருக்கிறார். அப்போது தெரிந்த ஒரே ஆள் நான்தான் இருப்பேன். அது முடியாது. என்னால் ஒரு விஷயத்தை மத்தியானம் வரைக்கும் வைத்துக்கொள்ள முடியாது, டியூபில் ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்லிவிடுகிற கடையில் வேலை பார்க்கிறவன். அதுவும் இல்லாமல், காது. அந்தக் காது கல்லில் இல்லையே, டாடி தலையில்தானே இருக்கிறது. நாய்க்கு அழுததும் கல் இல்லை. தாமஸ் இங்கேதான் இருக்கிறார், இந்தச் சுவருக்குள்ளேதான், எங்கேயும் ஓடிவிடவில்லை, இன்னும் எத்தனையோ கல் உப்பிப்போய் நிற்கிறது, தகடு என் கையில் இருக்கிறது. பொறுமை கிடையாது, சரி. இப்படியெல்லாம் நினைத்தால் தைரியமாக இருக்கிறது, உடனே அந்தக் கை, காய்ச்சல் பார்க்கிற கை, ஞாபகம் வந்து தைரியம் போய்விடுகிறது. பிரஷ்ஷிலிருந்து சொட்டுச் சொட்டாக என் செருப்பில் விழுகிறது. அடி. அடிக்காதே. அடிடா, மம்மி அழுதாள் இல்லையா.

கேட்டுப் பக்கம் கார்க் கதவு சாத்துகிற சத்தம். "மெதுவா ஆன்ட்டி, மெதுவா, இங்க ஒரே கல்லு" என்று டாடி, தமிழில், அந்தம்மாவுக்குப் புரியாது என்பதே மறந்துபோய். வந்துவிட்டார்கள். நோரா வீடியோவில் தெரிந்ததைவிடக் குள்ளம், தொப்பி, துணிப்பையை இரண்டு கையாலும் மாரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். டாடி அவர் முழங்கையைப் பிடித்திருக்கிறார், முட்டைத் தட்டைத் தூக்கி வருகிற மாதிரி. வெள்ளைச் சட்டை வேர்த்து உடம்பில் ஒட்டியிருக்கிறது. இரண்டு பேர் காதையும் பார்த்தேன், ஒன்றுதான், சத்தியமாக ஒன்றுதான். "பிரெண்டன்! முடிச்சிட்டியா மேன்? பேர் தெரியுதா?" என்று தூரத்திலிருந்தே கத்தினார், கத்திக்கொண்டே சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார், பான்ட் பையில் தேடினார், அது அவர் நெற்றியில் இருந்தது. நான் நெற்றியைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு இறக்கி மாட்டிக்கொண்டார். இன்னும் நேரம் இருந்தது, நாலைந்து கல் தாண்டி வர வேண்டும், கையில் பிரஷ் ஈரமாகத்தான் இருந்தது, ஒரு கை அடித்தால் போதும் என்றுதான் மம்மி சொல்லியிருந்தாள். என் நிழல் எழுத்து மேல் விழுந்திருந்தது. அவருக்குப் படிக்க வெளிச்சம் வேண்டுமே என்று தள்ளி நின்றேன்.